கடலை குடித்த எண்ணெய்

செந்தூல் வாசி:
என் மாமியார் பேரங்காடியில் எதையும் சும்மா கூடையில் போடமாட்டார். போன வாரம் கொண்டைக்கடலைப் பாக்கெட்டையும் செம்பனை எண்ணெய்ப் போத்தலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்துப் பட்டியலை வாசித்தார். நூறு கிராம் எண்ணெயில் 900-ஐ ஒட்டிய கலோரி. புரதம் பூஜ்ஜியம், நார்ச்சத்து பூஜ்ஜியம். காய்ந்த கடலையில் 370 கலோரி போல, புரதம் ஏறக்குறைய 20 கிராம். “அப்புறம் ஏன் போத்தலில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று இவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்?” என்று என்னைக் கேட்டார். சமையலுக்கு வாங்கும் எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதில்லை. தண்ணீரில் எலும்பு இல்லை என்று விளம்பரம் செய்வது போலத்தான் இதுவும். ஆனால் செம்பனை எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது அதுதான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் தள்ளுவண்டியால் எங்களை இடித்தே விட்டார்கள்.

பினாங்கு வாசி:
நூறு கிராம் எண்ணெயை யார் குடிக்கிறார்கள் அக்கா? கடலைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. இங்கே லிட்டில் இந்தியாவில் மாலையில் மசால் வடை வாங்கினால், வீடு சேர்வதற்குள் காகிதப் பையின் அடியில் விரல் தெரிகிற அளவுக்கு எண்ணெய் ஊறிவிடும். நான் வாடிக்கையாக வாங்கும் அண்ணன் மட்டும் விதிவிலக்கு. அரைத்த மாவைக் கிள்ளிப் போட்டு, அது உடனே நுரைத்துக்கொண்டு மேலே வந்தால்தான் முதல் வடையைத் தட்டுவார். எண்ணெய் சரியாகக் காயவில்லை என்றால் மேல்தோல் மொறுமொறுப்பாக நேரமாகும். வடை எண்ணெயில் கிடந்து ஊறும். எடுத்த பிறகும் ஆபத்து தீரவில்லை. வடை ஆறும்போது உள்ளிருக்கும் நீராவி அடங்கி, மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கரண்டியிலேயே நன்றாக உதறி வடியவிடுகிறார். அவரிடம் வாங்கிய பை அவ்வளவாகக் கறைபடுவதில்லை.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. அதே கலோரிக்கு அவித்த கொண்டைக்கடலை 70 கிராமுக்கு மேல் சாப்பிடலாம். ஆறு கிராமுக்கு மேல் புரதமும், ஐந்து கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் கூடவே வரும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசி:
எண்ணெயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வைட்டமின் ஈ அதிலும் இருக்கிறது. கீரையிலும் கேரட்டிலும் உள்ள சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். நீரிழிவு உள்ள என் அப்பாவுக்கு உணவியல் ஆலோசகர் எண்ணெயை நிறுத்தச் சொல்லவில்லை, கரண்டியால் அளந்து ஊற்றச் சொன்னார். அம்மாவுக்கு அது கௌரவப் பிரச்சினை! 2.50 ரிங்கிட் மானியப் பாக்கெட்டின் மூலையை வெட்டி நேராக வாணலியில் சாய்த்தே பழகியவர். இப்போது பச்சைப்பயறு சுண்டலுக்கு ஒரு தேக்கரண்டிதான்: கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, இறக்கும்போது தேங்காய்த் துருவல். அப்பா முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பிடுகிறார், ஆனால் கிண்ணம் காலியாகிறது.

செந்தூல் வாசி:
மாமியாரிடம் அந்தக் கரண்டிக் கணக்கைச் சொல்கிறேன். ஊறவைக்க நேரமில்லாமல் டின் கடலை வாங்குபவர்கள் பட்டியலில் சோடியத்தையும் பாருங்கள். வடித்துக் கழுவினால் உப்பு ஓரளவு குறையும்.