அமர்நாத் போறவங்களுக்கு: சிவாலய ஓட்டம் ஓடின கால் போதுமா?

குமரி மாவட்டத்துல பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடிப் போறதுதான் சிவாலய ஓட்டம். அதை ஓடினவங்க காஷ்மீர் மலையில உள்ள அமர்நாத் குகைக் கோயிலுக்குப் போறதைப் பத்தி நாலு ஊர்க்காரங்க சொல்றது இது.

நாகர்கோவில்:
கால் போதும், மூச்சு போதாது. முன்சிறையில தொடங்கி திருநட்டாலம் வரைக்கும் பன்னிரண்டு கோயிலையும் ஓடி முடிக்கிறவங்களுக்கு உடம்புல குறை சொல்ல முடியாது. ஆனா அந்த ஓட்டம் கடல்மட்டத்தை ஒட்டியே நடக்குது. அமர்நாத் போற வழியில உள்ள சேஷ்நாக் முகாம் 3,590 மீட்டர் உயரம். அங்க ஒரு மூச்சுல கிடைக்கிற ஆக்சிஜன் நம்ம ஊர்ல கிடைக்கிறதுல மூணுல ரெண்டு பங்குதான். ஓடிப் பழகினது இதை மாத்தாது, உயரத்துல தங்குற நாள்தான் மாத்தும். இளவட்டங்க "நமக்கென்ன"ன்னு வேகமா ஏறி, ராத்திரி தலைவலியும் வாந்தியுமா படுக்கிறது இதனாலதான்.

அடிவாரத்துல உள்ள பஹல்காமில ரெண்டு ராத்திரி தங்கிட்டு ஏறுங்க. 3,000 மீட்டருக்கு மேல, படுக்கிற இடத்தோட உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக் கூடாதுங்கிறது பொதுவான கணக்கு. நடை தொடங்குற சந்தன்வாடியில இருந்து சேஷ்நாக் ஒரே நாள்ல கிட்டத்தட்ட 700 மீட்டர் ஏத்தம். அதனாலதான் கீழே தங்குறதைக் குறைக்காதீங்கன்னு சொல்றது.

தக்கலை:
அண்ணன் சொன்னதுக்காக பயிற்சியை விட்டுராதீங்க. மூணு மாசம் முன்னாடியே தொடங்கணும். வாரத்துல நாலு நாள் ஒரு மணி நேர நடை, ஞாயிற்றுக்கிழமை ஆறேழு கிலோ பையோட நம்ம ஊர் மருந்துவாழ்மலை ஏறணும். ஏறும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியணும், முடியலைன்னா வேகம் கூடுதல். எல்லாரும் ஏத்தத்தையே பாக்காங்க, முட்டி போறது இறக்கத்துலதான். கைத்தடி ஊன்றி, சின்ன எட்டு வச்சு இறங்கிப் பழகுங்க.

ஷூ புதுசா வாங்கிட்டு நேரா ரயில் ஏறாதீங்க, ஒரு மாசமாவது போட்டு நடக்கணும். காட்டன் பனியன் வேர்வையில நனைஞ்சா காயாது, நின்ன உடனே குளிர் பிடிக்கும். அரை நாள் ஏத்தத்துக்குப் பிறகு சோறு இறங்காது; ஏத்தங்காய் சிப்ஸ் உப்போட இருக்கதால உள்ள போகும்.

மார்த்தாண்டம்:
மருந்து விஷயம். உயரத்தால வர்ற தலைவலி, வாந்தியைத் தடுக்கிற அசெட்டசோலமைடு (டயமாக்ஸ்) மாத்திரை டாக்டர் எழுதினா மட்டும். வழக்கமான அளவு 125 மி.கி. காலையும் ராத்திரியும், ஏறுறதுக்கு முந்தின நாளே தொடங்கணும். சல்ஃபா அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிருங்க. விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், ஒண்ணுக்கு அடிக்கடி வரும், அது சாதாரணம். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம்.

நம்மாட்கள் பாதிப் பேர் கற்பூரத்தைத் துணியில கட்டி முகர்ந்துட்டே ஏறுவாங்க. மூக்கு திறந்த மாதிரி இருக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் ஒரு பொட்டு கூடாது. அதை நம்பி நடையைத் தொடர்றதுதான் ஆபத்து.

ஆக்சிமீட்டர் (விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் பாக்கிற கருவி) கொண்டுபோறீங்கன்னா, விரலைத் தேய்ச்சு சூடாக்கிட்டு வைங்க. குளிர்ந்த விரல்லயும் நெயில் பாலிஷ் போட்ட விரல்லயும் தப்பாக் காட்டும். சேஷ்நாக்ல 88 சதவீதம் காட்டினா அலற வேண்டாம், ஆளைப் பாருங்க. நேர்கோட்டுல குதிகாலை மறு கால் பெருவிரல்ல ஒட்டி பத்து எட்டு நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா மூளையில வீக்கம்னு எடுத்துக்கணும். சும்மா உட்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கி இருமல் வந்தா நுரையீரல்ல நீர். ரெண்டுக்கும் மருத்துவ முகாமுல ஆக்சிஜன் வச்சு உடனே இறக்கணும். "விடிஞ்சா பாக்கலாம்"ங்கிற பேச்சே கூடாது.

இன்சுலின் போடுறவங்க பேனாவை ஸ்வெட்டருக்குள்ள உடம்போட ஒட்டி வைங்க. ஒரு தடவை உறைஞ்சா அது பிரயோஜனப்படாது.

குளச்சல்:
யாத்திரைக்கான மருத்துவச் சான்றிதழை அமர்நாத் கோயில் வாரியம் அந்த வருஷத்துக்கு வெளியிடுற பட்டியல்ல உள்ள டாக்டர்கிட்டதான் வாங்கணும், தெரிஞ்ச டாக்டர்கிட்ட வாங்கினா செல்லாது. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ரயில்ல போறவங்க மூணு நாள் உட்காந்தே இருந்தா கால் வீங்கும், பெட்டிக்குள்ளயே நடங்க. நம்ம ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு தாண்டினா மட்டுமில்ல, ஜம்முவுலயே வேலை செய்யாது. குரூப்புல ரெண்டு பேராவது போஸ்ட்பெய்டு வச்சிருங்க.