ரவுட்டரின் மூல நிரலை நிறுவனத்திடம் வாங்குவது எப்படி?

மன்னார்குடியில் இருந்து எழுதுகிறேன். வீட்டு ரவுட்டரில் நிறுவனத்தின் ஃபர்ம்வேருக்கு (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ஃபர்ம்வேரை ஏற்றினேன்; 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் சரிவரவில்லை. சிப் மீடியாடெக் எம்டி7621, ரேம் 128 எம்பி, ஃபிளாஷ் 16 எம்பி. சீரியல் கன்சோலில் யூ-பூட் (ரவுட்டரைத் தொடங்கி வைக்கும் நிரல்) தெரிகிறது, லினக்ஸ் கர்னல் ஓடுகிறது, லேன் போர்ட்டுகளும் சரி. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அறையைத் தாண்டுவதில்லை. பழைய ஃபர்ம்வேரில் திண்ணை வரைக்கும் எடுத்தது.

இதே சிப் உள்ள மற்ற ரவுட்டர்களின் டிவைஸ் ட்ரீயை (வன்பொருள் விவரங்களைக் கர்னலுக்குச் சொல்லும் கோப்பு) பொருத்திப் பார்த்தாயிற்று. பழைய ஃபர்ம்வேரை பின்வாக் (binwalk) என்ற கருவியில் பிரித்தும் பார்த்தேன். வைஃபை டிரைவர் மூல நிரலாக இல்லாமல் பைனரியாகத்தான் கிடைக்கிறது.

ஜிபிஎல் 2 என்ற திறமூல உரிமத்தில் வரும் மென்பொருள் உள்ளது, கேட்டால் மூல நிரல் தருவோம் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உரிமத்தின்படி அந்த உறுதி குறைந்தது 3 ஆண்டுகள் செல்லும். நான் வாங்கியது போன பொங்கலுக்குத்தான். மின்னஞ்சலுக்கும் ஸ்பீட் போஸ்டுக்கும் பதில் இல்லை. சர்வீஸ் சென்டரில் வேறு ரவுட்டர் மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். எனக்கு வேண்டியது அதுவல்ல.

எம்பெடெட் லினக்ஸ் வேலைக்கு எங்கே நேர்காணல் போனாலும், திறமூலத் திட்டங்களில் என்ன பேட்ச் (நிரல் திருத்தம்) கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஊரில் இருந்தபடி நான் செய்து காட்டக்கூடியது இதுதான்.

இந்தியாவில் விற்கும் நிறுவனத்திடம் ஜிபிஎல் மூல நிரலைக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: யாருக்கு, எப்படி எழுதினீர்கள்?