மாடு தின்ற தழை பாலில் தெரிந்த அனுபவங்கள்

திருவையாறு பக்கம், பால் சங்கத்தில் வேலை:

பாலின் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) மெஷின் சொல்லிவிடும். வாடையைக் கண்டுபிடிக்க மூக்குதான் வேண்டும். போன தை மாதம் ஒரு அக்கா கொண்டுவந்த பாலில் தூக்கைத் திறந்ததுமே வெங்காய வாடை. கொழுப்பு சரியாக இருந்தது, அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரும் சரி. கலப்படம் செய்கிறவர் இல்லை அவர். ஆனாலும் அந்தப் பாலைப் பொதுக் கேனில் ஊற்றினால் ஊர்ப் பால் மொத்தமும் கெடும்.

"மாட்டுக்கு என்னக்கா போட்டீங்க?"

"தம்பி மார்க்கெட்லேர்ந்து வெங்காயத் தாளும் கோஸ் தழையும் மூட்டையா கொண்டாந்தான். கறக்கறதுக்கு முன்னாடிதான் அள்ளிப் போட்டேன்."

விஷயம் அதுதான். வெங்காயத்தின் வாடைக்குக் காரணம் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள். அவை எளிதில் ஆவியாகும். மாடு ஏப்பம் விடும்போது அந்தக் காற்றில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகிறது, அங்கிருந்து ரத்தத்தில் கலந்து மடிக்கு வந்துவிடுகிறது. அரை மணி நேரத்திலேயே பாலில் ஏறும். நாலைந்து மணி நேரம் கழிந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். அதனால் வாடைத் தழை எதுவானாலும் கறந்து முடித்த பிறகு போடச் சொன்னேன். அடுத்த வாரமே பாலில் வாடை இல்லை. வெங்காயத்தை மூட்டை மூட்டையாகப் போடவும் கூடாது. அளவு மீறினால் மாட்டின் ரத்தச் சிவப்பணுக்கள் அழிந்து சோகை பிடிக்கும். பால் விலைக்காகச் சொல்லவில்லை, அந்த வாயில்லா ஜீவனுக்காகச் சொல்கிறேன்.

மன்னார்குடி, நாலு கறவை மாடு:

எங்கள் வீட்டில் வித்தியாசம் தெரிவது வெண்ணெயில். சம்பா அறுப்பு முடிந்து வைக்கோலை மட்டும் நம்பியிருக்கும் நாட்களில் பசு வெண்ணெய் வெளிறிப்போய் இருக்கும். வரப்பில் கோ-4 என்ற தீவனப் புல்லும் அகத்தியும் கிடைக்க ஆரம்பித்ததும் மஞ்சள் திரும்பிவிடும். பச்சைத் தழையில் இருக்கும் கரோட்டின்தான் அந்த நிறம். வைக்கோல் வெயிலில் காயும்போதே அது போய்விடுகிறது. எருமைக்கு என்ன போட்டாலும் பால் வெள்ளைதான், ஏனென்றால் அது கரோட்டினை உடம்பிலேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. மஞ்சளாக இல்லை என்று எருமை வெண்ணெயைச் சந்தேகப்படுகிறவர்களிடம் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

அப்புறம் ஒன்று. மழைக்காலத்து இளம்புல்லை மட்டும் போட்டால் பால் கூடும், கொழுப்பு குறையும். நார்ச்சத்து மாட்டின் வயிற்றில் நொதித்து வரும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள், இளம்புல்லில் நார் குறைவு. அதற்காகவே அப்போதும் கொஞ்சம் வைக்கோல் கலந்து போடுகிறேன். பங்குனி, சித்திரையில் உளுந்து அடித்த கொடி கிடைத்தால் விடவே மாட்டேன், வைக்கோலைவிட அதில் புரதம் அதிகம்.

வேதாரண்யம் பக்கம்:

சவுண்டல் (சூபாபுல்) மரத்தழை பற்றி யாரும் சொல்லவில்லையே. புரதம் நிறைய, மாடும் ஆசையாகத் தின்னும். ஆனால் அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா கோடை முழுக்க அதையே வெட்டிப் போட்டதில் மாட்டுக்கு வால் முடி கொட்டியது, பாலும் சுருங்கியது. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல், மற்ற தழையோடு கலந்து போடச் சொன்னார் கால்நடை மருத்துவர். இப்போது பாதிக்கு மேல் வேலிமசால் என்ற தீவனச் செடியைப் போடுகிறார், முடி திரும்ப முளைக்கிறது.