மதிய உணவை வீட்டிலிருந்தே கொண்டுசெல்ல வேண்டும் என்று வலியுறுத்துவது நியாயமா?

அகப்பை:
வேலைக்குச் செல்வோரும் படிக்கும் பிள்ளைகளும் மதிய வேளையில் பொட்டலத்தைப் பிரித்துப் பசியாறும் பழக்கத்தைக் கூடிய மட்டும் விட்டுவிட்டு, வீட்டில் சமைத்ததைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது என் கட்சி. பொட்டலம் என்று நான் குறிப்பிடுவது அரிசியும் பருப்பும் அடைத்து வரும் பையை அன்று. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோவும் அவருடைய குழுவினரும் வகுத்த ‘நோவா’ பகுப்பு, உணவுகளை அவற்றிலுள்ள சத்தை வைத்து அல்லாமல், அவை எந்த அளவுக்கு, எந்த நோக்கத்திற்காகப் பதப்படுத்தப்பட்டன என்பதை வைத்து நான்கு பிரிவுகளாக்குகிறது. அதில் நான்காவதாக வரும் ‘அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு’ பற்றியே பேசுகிறேன்.

உடனடி நூடுல்ஸ் கோப்பை ஒன்றை எடுத்து அதன் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். மாவு, எண்ணெய், உப்பு என்று நமக்குப் பழகிய பெயர்களோடு தொடங்கும் பட்டியல், சற்று நேரத்தில் சுவைகூட்டி, நிறமி, கெட்டிப்படுத்தி, அமிலச் சீராக்கி என்று எந்த அடுக்களையிலும் இல்லாத பொருள்களுக்குப் போய்விடும். பல வகைகளில் அந்த நூடுல்ஸ் எண்ணெயில் பொரித்தே உலர்த்தப்படுகிறது என்பதும், உப்பின் பெரும்பகுதி உடன் வரும் சிறிய மசாலா உறையில் இருக்கிறது என்பதும் அவசரத்தில் வெந்நீர் ஊற்றுபவர் கண்ணுக்குப் படுவதில்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இங்கே முக்கியமானது. 20 பேரை ஆய்வு வளாகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவையும் இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும் கொடுத்தார்கள். பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. யார் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம். முதல் வகை உணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரியாக 0.9 கிலோ எடை கூடினார்கள். இரண்டாவது வகையில் ஏறத்தாழ அதே அளவு எடை குறைந்தார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பகுப்பாளன்:
இன்னும் நிறையவே வேண்டும் என்பேன். இருபது பேர், ஒவ்வொரு உணவுக்கும் இரண்டே வாரம் என்ற அளவில் நடந்த ஆய்வு அது. கவனமாக நடத்தப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பதப்படுத்தப்பட்ட உணவில் நார்ச்சத்தை ஈடுகட்டுவதற்காக அதைப் பானங்களில் கலந்து கொடுத்தார்கள். பானத்தை நீக்கிவிட்டுத் திட உணவை மட்டும் ஒப்பிட்டால், ஒரு கவளத்தில் அடங்கும் கலோரி இரு பக்கமும் சமமாக இருக்கவில்லை. ஆகவே கூடுதலாக உண்ண வைத்தது ஆலையில் செய்யப்பட்ட தன்மையா, மென்மையும் அடர்த்தியும் விரைவாக விழுங்க வைக்கும் பதமும்தானா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2025-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவையும் சேர்த்துப் பாருங்கள். அதில் 55 பேர் பங்கேற்றனர். ஒவ்வொரு உணவு முறையும் எட்டு வாரம் நீடித்தது. இரண்டுமே பிரிட்டன் அரசின் உணவு வழிகாட்டுதலுக்கு உட்பட்டவை. அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவை உண்டபோதும் அவர்கள் எடை குறையவே செய்தது. எனவே தேர்ந்தெடுத்து வாங்கினால் பொட்டல உணவும் கேடில்லை என்று ஆகிறதல்லவா?

நோவா பகுப்பின் நான்காம் பிரிவில் சர்க்கரைக் குளிர்பானமும் இருக்கிறது, பால்மமாக்கி (எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்கச் சேர்க்கும் பொருள்) சேர்ந்த முழுக்கோதுமை ரொட்டியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடும் கருவியைக் கொண்டு என் மதிய உணவைத் தீர்மானிக்க நான் ஆயத்தமாக இல்லை. வீட்டில் சமைத்தது என்பதாலேயே எண்ணெயும் உப்பும் குறைந்துவிடுவதும் இல்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; அதை மீறுவதற்கு ஊறுகாயும் பொரியலும் போதும், ஆலை எதற்கு?

அகப்பை:
லண்டன் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். குறைவாகப் பதப்படுத்தப்பட்ட உணவில் எடை 2.06 சதவீதம் குறைந்தது, மற்றதில் 1.05 சதவீதம்தான். இரு பக்கமும் ஒரே வழிகாட்டுதலைப் பின்பற்றியும் ஏறத்தாழ இருமடங்கு வேறுபாடு வந்ததென்றால், சத்துக் கணக்குக்கு அப்பால் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்றே பொருள். உங்கள் முழுக்கோதுமை ரொட்டியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மதிய வேளையில் அந்த ரொட்டிக்கு நடுவே பெரும்பாலும் வைக்கப்படுவது பதப்படுத்திய இறைச்சி. அதைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பை ஏறத்தாழ 18 சதவீதம் உயர்த்துகிறது என்றும் கணித்தது.

உப்பைப் பற்றி ஒன்று. வீட்டில் உப்பு கூடினால் மறுநாள் குறைத்துப் போடலாம். பொட்டலத்தில் அந்தக் கரண்டி நம் கையில் இல்லை.

சுழற்சிப்பணி:
இருவருமே ஒரு விஷயத்தைக் கடந்துபோய்விட்டீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் இரண்டு ஆய்வுகளிலும் பங்கேற்றவர்கள் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. முதலாவதில் நிறுவனத்தின் சமையலறைப் பணியாளர்கள் சமைத்துப் பரிமாறினார்கள். இரண்டாவதில் உணவு வீடு தேடி வந்தது. குறைவாகப் பதப்படுத்தப்பட்ட உணவு நல்லது என்பதற்கு அவை சான்று. அதை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் விடியற்காலையில் எழுந்து செய்ய வேண்டும் என்பதற்கு அவற்றில் ஒரு வரிச் சான்றும் இல்லை. இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் காய் நறுக்க எனக்குக் கை எழுவதில்லை. பல வீடுகளில் ‘வீட்டுச் சமையல்’ என்று புகழப்படுவது ஒரே ஒரு பெண்ணின் உறக்கத்திலிருந்து பிடுங்கப்படும் நேரம்; அறிவுரை சொல்பவர் பெரும்பாலும் டப்பாவைத் திறப்பவராகவே இருக்கிறார்.

இன்னொன்று, பாதுகாப்பு. காலை ஏழு மணிக்குக் கட்டிய சோற்றை ஒரு மணிக்கு உண்கிறோம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வேகும் சூட்டையும் தாங்கி நிற்பவை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்குகின்றன, வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மூடி முத்திரையிட்ட பொட்டலத்தில் இந்த அச்சம் மிகக் குறைவு.

மழைக்குருவி:
பாதுகாப்பு குறித்த எச்சரிக்கை சரியானது. ஆனால் அதற்குத் தீர்வு எளிது. சூடாகக் கொண்டுசெல்வதானால், வெற்றிடச் சுவர் கொண்ட குடுவையில் முதலில் கொதிநீரை ஊற்றிச் சில நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் உணவை விளிம்புவரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் சூடு நிற்காது. உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேலேயே இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. குளிர்ச்சியாகக் கொண்டுசெல்வதானால், இரவே சமைத்து அகலமான பாத்திரத்தில் பரப்பி விரைவாக ஆறவைத்து, குளிர்பெட்டியில் 5 டிகிரிக்குக் கீழே வைத்து, காலையில் பனிக்கட்டிப் பையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பலரும் செய்வது இரண்டுக்கும் இடைப்பட்ட காரியம்: பாதி ஆறியதை டப்பாவில் அடைத்து மூடுகிறார்கள், மூடியின் உட்புறம் வியர்த்து நீர் சொட்டுகிறது, மதியத்தில் மணம் மாறியிருக்கிறது.

உழைப்பு குறித்து நீங்கள் சொன்னதற்கு என்னிடம் இவ்வளவு எளிய விடை இல்லை.

பகுப்பாளன்:
சுழற்சிப்பணி அவர்களின் வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு. உறைய வைத்த காய்கறியும், உப்பு நீரில் அடைத்த கொண்டைக்கடலையும் நோவா பகுப்பிலேயே நான்காம் பிரிவுக்குள் வருவதில்லை. கழுவி, நறுக்கி, வெந்நீரில் முக்கியெடுத்து உறைய வைத்த பட்டாணியோடு ஒரு வேகவைத்த முட்டை சேர்ந்தால் அது சமையலா, வசதி உணவா? அந்தக் கோட்டைத் துல்லியமாகப் போட்டுவிட்டால் இந்த விவாதத்தின் பாதி சூடு தணியும். மற்றபடி, வாங்குபவருக்குத் தெரிந்து வாங்கும் உரிமை வேண்டும். சிலி நாடு 2016 முதல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி மிகுந்த பொட்டலங்களின் முன்புறத்தில் கருப்பு எண்கோண எச்சரிக்கையை அச்சிட வைத்ததோடு, அவற்றைப் பள்ளிகளில் விற்பதையும் தடுத்தது.

அகப்பை:
பட்டாணியும் முட்டையும் என் கணக்கில் சமையல்தான், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு எண்கோணத்தையும் வரவேற்கிறேன், ஆனால் எச்சரிக்கையைப் படித்த பிறகு உண்பதற்கு வேறொன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டாமா? சுழற்சிப்பணி அவர்கள் கேட்டதற்கு வருகிறேன். வீட்டில் ஒருவர் தலையிலேயே சுமை விழுகிறது என்பது உண்மை. அதற்கு மருந்து, உண்பவர்கள் முறைவைத்துச் சமைப்பது. பள்ளிக்குச் செல்லும் வயதில் காய் நறுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைக்குப் பின்னாளில் இந்த விவாதமே தேவைப்படாது.

சுழற்சிப்பணி:
முறைவைத்துச் சமைக்க இரண்டு பேராவது வேண்டும். தனியாக இருப்பவருக்கு, மாறி மாறிப் பணிக்குச் செல்லும் இணையருக்கு அந்த மருந்து பயன்படாது. பிரேசில் தன் அரசுப் பள்ளிகளில் உணவைப் பள்ளிச் சமையற்கூடத்திலேயே சமைத்து இலவசமாகக் கொடுக்கிறது. அத்திட்டத்தில் பதப்படுத்தப்பட்ட, அதிகம் பதப்படுத்தப்பட்ட பொருள்களுக்கான உச்ச வரம்பை 2025-இல் 20 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்தும்விட்டது. அங்கே பிள்ளை உண்பது புதிதாகச் சமைத்த உணவு, ஆனால் அதற்காக எந்த வீட்டிலும் யாரும் விடியுமுன் எழவில்லை. பணியிடங்களிலும் அப்படி ஓர் அடுப்பு எரியட்டும் என்று கேட்கிறேன். அதுவரை என் பையில் பொட்டலம் இருக்கும். பின்புறத்தைப் படித்துவிட்டே வாங்குவேன்.