புதுப்பிப்பு: பொருளடக்கத்தில் பக்க முறிப்பு

தருமபுரி மாவட்ட நடுகற்களைப் பற்றிய நூலை லேடெக் (LaTeX) என்ற அச்சு வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைக்கும்போது, பொருளடக்கத்தின் முதல் பக்க அடியில் ‘அரூர் வட்டம்’ என்ற இயல் தலைப்பு மட்டும் தனித்து நிற்க, அதன் உட்தலைப்புகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவதாக முன்பு எழுதியிருந்தேன், அது தீர்ந்துவிட்டது.

பொருளடக்கக் கோப்பில் கை வைத்துப் பயனில்லை, லேடெக்கை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது புதிதாக எழுதப்படும். மூலக்கோப்பில் அந்த இயல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் பொருளடக்கக் கோப்புக்குக் கட்டளைகளை அனுப்பும் ‘ஆட்டுகன்டென்ட்ஸ்’ (\addtocontents) கட்டளையை இட்டு, அதனுள், கட்டளை அப்படியே எழுதப்படக் காக்கும் ‘புரொடெக்ட்’ (\protect) காவலுடன், புதுப் பக்கம் தொடங்கும் ‘நியூபேஜ்’ (\newpage) கொடுத்ததும் முறிப்பு சரியான இடத்தில் விழுந்தது. இருமுறை இயக்கினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். இதற்குப் பதிலாக ‘பேஜ்பிரேக்’ (\pagebreak) கொடுத்தால், இருபக்க நூல் அமைப்பில் அது மேலேயுள்ள வரிகளைப் பக்க அடிவரை இழுத்துப் பரப்பிவிடுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. ஒற்றை வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்படும் இடங்களில், அதே வழியில் அந்தப் பக்கத்தின் உயரத்தைச் சற்றுக் கூட்டும் ‘என்லார்ஜ்திஸ்பேஜ்’ (\enlargethispage) அனுப்பினால் போதும். மெய்ப்புத் திருத்தத்தில் தலைப்புகள் கூடவோ குறையவோ செய்யும் என்பதால், இவற்றைக் கடைசியில் சேர்ப்பதே நல்லது.