விசிறி அதிர்வில் 13 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வருகிறது?

கேள்வி (ஆலைப் பயிற்சியாளர், தெலுக் இந்தான்):
அனைவருக்கும் வணக்கம். தோட்டத்துச் செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பாய்லருக்குக் காற்று ஊதும் விசிறியின் பேரிங் மேல் அதிர்வை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்335 சென்சாரைப் பொருத்தி, ஆர்டுவினோ என்ற சிறு கணினிப் பலகை வழியாக விநாடிக்கு 160 அளவீடுகளை மடிக்கணினிக்கு அனுப்பி, 256 அளவீடுகளுக்கு ஒருமுறை எஃப்எஃப்டி (எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டுப் பார்க்கிறேன். ஆறு இறக்கை கொண்ட விசிறி, நிமிடத்திற்கு 1470 முறை சுற்றும் மோட்டாருடன் நேராக இணைந்திருப்பதால், 24.5 ஹெர்ட்ஸில் முகடு வருவது புரிகிறது. ஆனால் 13 ஹெர்ட்ஸ் அருகே அதைவிட உயரமாக இன்னொன்று நிற்கிறது. சுழற்சியின் பாதியில் முகடு தெரிந்தால் ஏதோ தளர்ந்திருக்கக்கூடும் என்று படித்திருந்ததால், ஞாயிற்றுக்கிழமை ஆலை நின்றிருந்தபோது அடித்தள போல்ட்டுகள் அத்தனையையும் போர்மனுடன் சேர்ந்து முறுக்கினேன். முகடு அசையவில்லை. பேரிங்கை மாற்றச் சொல்லலாமா?

பதில் (ஓய்வுபெற்ற சார்ஜ்மேன்):
தம்பி, பேரிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். சுழற்சியின் பாதி 12.25, உங்கள் எஃப்எஃப்டியின் ஒரு கட்டமோ 160ஐ 256ஆல் வகுத்தால் வரும் 0.625 ஹெர்ட்ஸ் அகலம். 12.25ஐயும் 13ஐயும் அதில் பிரித்தறிவது கடினம்.

ஆறு இறக்கைகள் விநாடிக்கு 147 முறை கடக்கின்றன. விநாடிக்கு 160 அளவீடு எடுத்தால் அதன் பாதியான 80 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பலாம். அதற்கு மேலுள்ளது குறைந்த அதிர்வெண்போல் மடங்கிக் கீழே விழும். 160இல் 147 போனால் 13. விநாடிக்கு 160 முறை மின்னும் ஸ்ட்ரோப் விளக்கில் அந்த விசிறியைப் பார்த்தால், இறக்கைகள் மெதுவாகப் பின்னோக்கி நகர்வதுபோல் தெரியுமல்லவா, அதே ஏமாற்றுதான் இது.

அளவீட்டை 200 ஆக்கிப் பாருங்கள். உண்மையான முகடு இடம் மாறாது, போலி மாறும். மடிக்கணினிக்கு அனுப்பும் வேகத்தை 9600 பாட் என வைத்திருந்தால் முதலில் 115200 ஆக்குங்கள். 9600இல் விநாடிக்கு 960 எழுத்துகளே செல்லும், மூன்று இலக்கமும் வரிமுடிவும் சேர்ந்த அளவீடு ஒன்றுக்கு ஐந்து எழுத்து என்றால் 200 அளவீடு அதில் அடங்காது. அனுப்புவது தேங்கினால் அளவீடுகளின் இடைவெளி சீர்கெட்டு, புதிய பொய் முளைக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, செய்து பார்த்தேன். 24.5 நின்ற இடத்திலேயே நிற்கிறது. 13 மறைந்து 53இல் முளைத்திருக்கிறது. மென்பொருளில் சராசரி எடுத்து இதை நீக்கிவிடலாமா?

பதில் (மின்னணுவியல் மாணவி, ஈப்போ):
முடியாது, அண்ணா. 160இல் எடுத்துவிட்ட பிறகு 147 ஹெர்ட்ஸும் 13 ஹெர்ட்ஸும் ஒரே எண் வரிசையைத்தான் தருகின்றன. பிரித்தெடுக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை. வடிகட்டல் அளவீட்டுக்கு முன்னரே நடக்க வேண்டும். சென்சார் பலகையில் 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருந்தால் வெட்டு அதிர்வெண், அதாவது அதற்கு மேலுள்ளவை அடங்கத் தொடங்கும் இடம், 50 ஹெர்ட்ஸ். ஆனால் மெதுவாகவே அடக்கும் ஒற்றைப் படி வடிகட்டி என்பதால் 147இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நுழைந்துவிடும். விநாடிக்கு 1000 அளவீடு எடுத்தால், மடங்கக்கூடிய 500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். அப்போது 256 புள்ளிகள் போதா. கட்டம் 4 ஹெர்ட்ஸ் அளவுக்கு அகன்றுவிடும். 2048 எடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
1000 அளவீட்டில் 147 அதன் சொந்த இடத்தில் நிற்கிறது. 13க்கு அருகே ஒன்றுமில்லை. பேரிங் கேட்டு எழுதிய தாளை ஸ்டோரிலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன்.