ஆல்மன் பிரதர்ஸின் ஃபில்மோர் ஈஸ்ட் கச்சேரி: பழைய தட்டா, ரீமாஸ்டரா?

செவ்வாய்ப்பேட்டை ரசிகன் (கேள்வி)

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவின் இசைத்தட்டுகள் அண்மையில் சேலத்துக்கு, என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் 1971 மார்ச் 12, 13 ஆகிய நாள்களில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த கச்சேரியின் இரட்டைத் தட்டும் அவற்றுள் இருக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசையில் முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதே தொகுப்பின் ரீமாஸ்டர் செய்த, அதாவது பழைய பதிவின் ஒலியை மறுபடி செப்பனிட்ட, டீலக்ஸ் பதிப்பை இணையத்தில் கேட்டபோது ஒரு குழப்பம் ஏற்பட்டது. தட்டில் ஒலி சற்று மங்கலாக இருந்தாலும் நெடுநேரம் அலுக்காமல் கேட்க முடிகிறது. இணையத்தில் எல்லாம் பளிச்சென்று இருந்தும் சிறிது நேரத்தில் காது களைத்துவிடுகிறது. அது மட்டுமன்று, 'ஸ்டார்மி மண்டே' பாடல் தட்டில் ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட, புதிய பதிப்பிலோ பத்து நிமிடத்தைத் தாண்டிச் செல்கிறது. ரீமாஸ்டர் செய்தால் பாடலின் நீளம் கூடுமா? இந்தத் தொகுப்பை நெடுநாளாகக் கேட்டு வருபவர்கள் எந்தப் பதிப்பை மதிக்கிறார்கள்? 2014இல் வெளியான ஆறு குறுந்தட்டுப் பெட்டியை வாங்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி ஒலிப்பதிவாளர்

ரீமாஸ்டரால் நீளம் கூடாது. அந்தக் கச்சேரி 16 தடங்கள் (தனித்தனியே பதிவாகும் ஒலி வரிசைகள்) கொண்ட ஒலிநாடாவில் பதிவானது. அந்தத் தடங்களைச் சமன்செய்து இரண்டு தடங்களாகச் சேர்ப்பது மிக்ஸிங்; இருநாள் வாசிப்பிலிருந்து எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானிப்பது தொகுப்பு வேலை; இவையெல்லாம் முடிந்த நாடாவை எடுத்து, தட்டுக்கோ குறுந்தட்டுக்கோ ஏற்றபடி தாழ்ந்த ஒலிகள் (பேஸ்), உயர்ந்த ஒலிகள் (டிரெபிள்), ஒலியளவு ஆகியவற்றைத் திருத்துவதுதான் மாஸ்டரிங். 1971இல் தயாரிப்பாளர் டாம் டவுட், 'ஸ்டார்மி மண்டே'யில் டாம் டூசெட் என்பவர் வாசித்த மவுத் ஆர்கன் பகுதியை வெட்டிவிட்டார். வாசிப்பு அன்று நடந்ததுதான், நாடாவிலும் இருந்ததுதான். பின்னர் வந்த பதிப்புகளில் அதைத் திரும்பச் சேர்த்ததால் உங்களுக்குப் பாட்டு நீண்டு கேட்கிறது. 1992இல் டவுடே மூலத் தடங்களிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்து 'தி ஃபில்மோர் கான்செர்ட்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதைப் பழைய தொகுப்பின் ரீமாஸ்டர் என்று எண்ணி ஒப்பிடுபவர்கள் உண்மையில் இரண்டு வேறு மிக்ஸ்களை ஒப்பிடுகிறார்கள்.

காது களைப்பதற்கு வேறு காரணம் உண்டு. 1990களின் பிற்பகுதி முதல் பல ரீமாஸ்டர்களில் லிமிட்டர் கருவியால் உச்ச ஒலிகளை அமுக்கி, மெல்லிய ஒலிகளை மேலே தூக்கி, மொத்தமாகச் சத்தத்தைக் கூட்டும் வழக்கம் பரவியது. மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி உச்சத்தைத் தொடும் இசைக்குழு இது என்பதால், அந்த ஏற்றத்தாழ்வு சுருங்கினால் இழப்பு உடனே தெரியும். ஆனால் தட்டுக்கும் குறை உண்டு. நான்காம் பக்கம் முழுவதையும் ஏறத்தாழ 23 நிமிடம் ஓடும் 'விப்பிங் போஸ்ட்' எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரத்தை அடக்க வேண்டுமானால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும். அதற்காக ஒலியளவையும் பேஸையும் குறைத்தே ஆக வேண்டும். நீங்கள் சொல்லும் மங்கலில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

எதையும் முடிவு செய்யும் முன் இரண்டின் ஒலியளவையும் காதால் சமமாக்கிக்கொண்டு கேளுங்கள். சத்தம் கூடிய பதிப்பே முதலில் நன்றாக இருப்பதாகத் தோன்றும். அது காதின் இயல்பு.

சேர்வராயன் மலைவாசி

தம்பி, உங்கள் பெரியப்பாவின் தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், எனக்கு அந்த வெட்டிய 'ஸ்டார்மி மண்டே'தான் உகந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெட்டு என்பது குறை அன்று. இரண்டு இரவுகளின் நான்கு கச்சேரிகளிலிருந்து ஏழே உருப்படிகளைத் தேர்ந்து, இரண்டாம் பக்கத்தை முழுமையாக ஒரே பாட்டுக்கும் நான்காம் பக்கத்தை முழுமையாக இன்னொன்றுக்கும் ஒதுக்கி, மூன்றாம் பக்கத்தில் 'ஹாட் லாண்டா'வுக்குப் பின் 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' வரும்படி அமைத்த துணிவுதான் இந்தத் தொகுப்பை மற்ற மேடைப் பதிவுகளிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பாடகரின் குரலைவிட வாத்தியங்களின் உரையாடலே முதன்மையாகும் ஒரு ராக் தொகுப்பு அன்று அரிது. எலிசபெத் ரீட் என்பது ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரின் ரோஸ் ஹில் கல்லறைத் தோட்டத்தில் குழுவின் கிட்டார் கலைஞர் டிக்கி பெட்ஸ் கண்ட ஒரு கல்லில் இருந்த பெயர். தட்டு வெளியாகி நான்கு மாதங்களுக்குள், 1971 அக்டோபர் 29 அன்று, குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞரான டுவேன் ஆல்மன் மேக்கனில் மோட்டார் சைக்கிள் விபத்தில் 24ஆம் வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு பேஸ் வாசித்த பெரி ஓக்லியும் அதே நகரில் அதேபோல் ஒரு விபத்தில் போனார். இருவரும் இப்போது அந்த ரோஸ் ஹில்லில்தான் இருக்கிறார்கள். ரசிகர்கள் இந்தத் தொகுப்பைக் குறித்துப் பேசும்போது குரலைத் தாழ்த்துவதற்கு இசை மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும் 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது இசைக்காகவே.

ஆறு தட்டுப் பெட்டி ஆராய்ச்சியாளருக்கானது. ஒரே பாட்டு மூன்று நான்கு முறை வரும். டவுட் விரும்பாமல் ஒதுக்கிய சாக்ஸபோனும் சில இடங்களில் ஒலிக்கும். சமைத்துப் பரிமாறிய இலையை விட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பது போன்றது அது.

மிருதங்க மாணவி, சூரமங்கலம்

ஐயாவின் கருத்தில் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது. புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ என்று இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள் இந்தக் குழுவில் இருந்தார்கள். பழைய தட்டில் இருவரின் கையும் ஒன்றோடொன்று கலந்து கேட்டதை, நல்ல ரீமாஸ்டரில் என்னால் பிரித்துக் கேட்க முடிந்தது. ஒருவர் சீராக ஓட்ட, மற்றவர் ஜாஸ் பாணியில் இடைவெளிகளை நிரப்புகிறார். தாளம் கற்பவர்களுக்கு இது சிறிய லாபம் அன்று. 'விப்பிங் போஸ்ட்' தொடக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கும் வட்டத்தைக் கையால் போட்டுப் பாருங்கள்: 3, 3, 3, 2 என்று மொத்தம் 11 வரும். நம் சங்கீர்ண ஜாதி ரூபகத்துக்கும் 11 அட்சரம்தான், பிரிப்பு மட்டும் வேறு. பாட்டு தொடங்கியதும் அந்த வட்டத்தை விட்டு மூன்று மூன்றாக நடக்கும் நடைக்கு மாறிவிடுகிறார்கள். அந்த மாற்றம் புதிய பதிப்பில் துல்லியமாகக் கேட்கிறது.

பெட்டியைப் பற்றியும் ஒன்று. ஒரே உருப்படியை ஒரே கலைஞர்கள் அடுத்தடுத்த கச்சேரிகளில் எப்படி வேறுவேறாக வாசித்தார்கள் என்பதைக் கேட்பது ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. நம்மூரில் ஒரே வித்வானின் தோடியைப் பத்துப் பதிவுகளில் தேடித் தேடிக் கேட்பவர்களை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

செவ்வாய்ப்பேட்டை ரசிகன்

அனைவருக்கும் நன்றி. ஒலியளவைச் சமமாக்கிக் கேட்டதில் களைப்பு கணிசமாகக் குறைந்தது. இருந்தாலும் 'ஸ்டேட்ஸ்போரோ புளூஸ்' பாட்டில் டுவேனின் ஸ்லைடு ஒலி (விரலில் மாட்டிய குழாயைக் கிட்டார் கம்பிகளின் மேல் வழுக்கி எழுப்புவது) தட்டில்தான் எனக்கு இதமாக இருக்கிறது. மருந்துக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார் என்பது உண்மைதானா? இன்னொன்று: நான்காம் பக்கத்தின் இறுதியில் கைதட்டலுக்கு நடுவே வேறொரு பாட்டு தொடங்குவது போல் கேட்டு, அப்படியே தேய்ந்துவிடுகிறது. தட்டில் ஏதேனும் பழுதா?

அஸ்தம்பட்டி ஒலிப்பதிவாளர்

குப்பி உண்மைதான், கோரிசிடின் என்னும் சளி மாத்திரையின் கண்ணாடிக் குப்பி. தட்டில் பழுதும் இல்லை. அங்கே தொடங்குவது 'மவுண்டன் ஜாம்'; அரை மணி நேரத்துக்கும் மேல் நீளும் அதை இந்த இரட்டைத் தட்டில் சேர்க்க இடமில்லாததால், 1972இல் வெளியான 'ஈட் எ பீச்' தொகுப்பில் இரண்டு பக்கங்களாகப் பிரித்து வைத்தார்கள். இரண்டையும் இடைவெளியின்றித் தொடர்ந்து கேட்க வேண்டுமானால் 2014 பெட்டியில் மார்ச் 13 இரண்டாம் கச்சேரியைக் கேளுங்கள். பெட்டியை வாங்க எனக்குத் தெரிந்த வலுவான காரணம் அதுதான். மலைவாசி ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஏற்காட்டு ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் இருந்த தட்டு என்பதால் பள்ளங்களில் பூஞ்சை படிந்திருக்க வாய்ப்பு உண்டு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் பள்ளம் செல்லும் திசையிலேயே துடைத்து, நிழலில் உலர்த்திய பிறகே ஊசியை வையுங்கள். உள்ளுறையையும் மாற்றிவிடுங்கள், பழைய காகித உறையிலிருந்து பூஞ்சை மறுபடி தட்டுக்கு ஏறும்.